பிரான்சு நாட்டுப்புறத்தில் மோட்டார் வண்டி வராத கிராவல் பாதைகள்: ரென் நகரிலிருந்து ஒரு வாரப் பயணத்துக்கு வழி கேட்கிறேன்

கேட்டவர்: அதியமான்கோட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் பிரான்சின் ரென் நகரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுடன் ஒரு மாதம் தங்கப் போகிறோம். அதில் ஏழெட்டு நாளை ஒதுக்கி, இருவருமாகச் சைக்கிளில் அந்த நாட்டுப்புறத்தைப் பார்த்து வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. எனக்கு வயது 61, அவளுக்கு 57. இருவருமே நாள்தோறும் விடியற்காலையில் ஏரிக்கரையிலும் தோட்டத்து வண்டித்தடங்களிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதிப்பவர்கள். ஆகவே மண்பாதை எங்களுக்குப் புதிதல்ல.

எங்கள் தயக்கம் மோட்டார் வண்டிகளைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புறவழிச்சாலையின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்த என்னைப் பின்னால் வந்த ஒரு சரக்கு வண்டி தட்டிவிட்டது. காறை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் என்ஜின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தோள் இறுகி, கை பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. எனவே கார் குறைவாக வரும் சாலை எங்களுக்குப் போதாது. காரே வராத பாதைதான் வேண்டும்.

பிரான்சில் கைவிடப்பட்ட இரயில் தடங்களைச் சைக்கிளுக்கென்றே மாற்றியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு நம் மொரப்பூர் இரயில் நினைவுக்கு வந்தது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குப் போட்ட அந்தக் குறுகிய இருப்புப்பாதையை 1941-இல் போர்க்காலத்தில் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். என் தாத்தா சிறுவயதில் அதில் ஏறிப் போனதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு தடத்தில் ஒரு முழு நாள் சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று மனம் கேட்கிறது.

நான் அறிய விரும்புவது இவை. ரென் நகருக்குப் பக்கத்தில், தார் போடாத, ஆனால் சக்கரம் புதையாத, வண்டி வராத தொடர் பாதை எது? இங்கிருந்து சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? எங்கள் வயதுக்கு ஏற்றங்கள் தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

பதில் 1: ஓசூர்க்காரன்

ஐயா, வணக்கம். வேலை நிமித்தமாக நான்கு ஆண்டுகள் நாந்த் நகரில் இருந்தேன். விடுமுறை நாட்களில் பெரும்பாலும், ரென் நகர் இருக்கும் பிரிட்டனி வட்டாரத்தின் கால்வாய்க் கரைகளில்தான் திரிந்திருக்கிறேன். நீங்கள் கேட்கும் பாதை உங்கள் மகள் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேர இரயில் தூரத்துக்குள் இருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம் தேவை. அங்கே "வுவா வெர்த்", அதாவது பசுமைவழி என்று பலகை வைத்த பாதையில் மோட்டார் வண்டிக்குச் சட்டப்படியே இடமில்லை. நடப்பவர், சைக்கிளில் செல்பவர் போன்றவர்களுக்கு மட்டுமே அது உரியது. 2004 முதல் அந்நாட்டுச் சாலை விதிகளில் இதற்குத் தனி வரையறை உண்டு. ஆனால் பசுமைவழி எல்லாம் மண்பாதை என்று எண்ணிவிடக் கூடாது. கிவ்ரியிலிருந்து குளுனி வரை 1997-இல் திறந்த, அந்நாட்டின் முன்னோடிப் பசுமைவழி முழுவதும் தார்தான். கரோன் ஆற்றை ஒட்டிய கால்வாய்க் கரையும் அப்படியே. உங்களுக்குத் தார் இல்லாமையும் வண்டி இல்லாமையும் ஒருசேர வேண்டும் என்பதால், "ஸ்தபிலிஸே" என்று குறிப்பிட்ட பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் கிராவல் மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டுவோம் அல்லவா, ஏறக்குறைய அதே வேலைதான். அங்கே பொடிக்கல்லையும் மணலையும் கலந்து இறுக்குகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். ரென்னிலிருந்து ரெதோன் வரை வட்டார இரயிலில் செல்லுங்கள். அங்கே நாந்த்–பிரெஸ்த் கால்வாயின் கரையைப் பிடித்து மேற்கே மலெத்ருவா, ஜோஸ்லேன், ரொஆன் வழியாகப் பொந்திவி வரை போங்கள். பொந்திவியில் பிளவே என்ற ஆற்றின் கரைக்கு மாறித் தெற்கே இறங்கினால் என்பொன் ஊர் வரும். அங்கே இரயில் நிலையம் இருக்கிறது, ஏறி ரென்னுக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் 170, 180 கிலோமீட்டருக்குள் முடியும். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆறு நாள். மழை பெய்தால் தங்கிக்கொள்ள ஒரு நாள் கையிருப்பில் இருக்கும்.

அந்தக் கால்வாய் ஏறக்குறைய 360 கிலோமீட்டர் நீளம். ஆங்கிலேயக் கப்பற்படை கடலை மறித்து நின்ற காலத்தில், பிரெஸ்த் துறைமுகத்துக்கு உள்நாட்டு வழியாகவே சரக்கு அனுப்ப வேண்டும் என்று நெப்போலியன் தொடங்கி வைத்த வேலை. 1842-இல்தான் முழுமை பெற்றது. ஆறுகளை இணைத்து வெட்டிய கால்வாய் ஆதலால் மேடு பள்ளங்களைக் கடக்க 230-க்கும் மேற்பட்ட படகு மதகுகளைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரை ஏற்றி இறக்கும் அமைப்பு அது. ஒவ்வொரு மதகின் அருகிலும் காவலருக்கென்று கட்டிய சிறு ஓட்டு வீடு இருக்கும். நீங்கள் மிதிக்கப்போகும் பாதை அன்றைக்குக் கயிறு கட்டிப் படகை இழுத்தவர்கள் நடந்த கரை. ஆகவே ஏற்றம் என்று சொல்லத்தக்கது மதகுக்கு மதகு வரும் சிறு சரிவு மட்டுமே. அதையும் இறங்கித் தள்ள வேண்டியிராது.

ரெதோனை விட்டுக் கிளம்பிய முதல் நாளில் ஈல் ஓ பீ என்ற இடத்தில் ஊஸ்த் ஆறு பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைந்து போவதைப் பார்ப்பீர்கள். ஜோஸ்லேனில் ரொஆன் குடும்பத்தின் கோட்டை மூன்று வட்டக் கோபுரங்களோடு நேரே கரையின்மேல் எழுந்து நிற்கிறது. காலை எட்டு மணிக்குள் அங்கே போய்ச் சேருங்கள். ஆற்றின் மேல் பனிமூட்டம் கலைவதற்கு முன் கோபுரங்களின் கூம்பு மட்டும் தெரியும். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

விவசாயம் தெரிந்த ஊர்க்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ரொஆனுக்கும் பொந்திவிக்கும் நடுவே உள்ள உச்சி மேட்டில் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் ஆறு ஏதுமில்லை. எனவே பொமெலேயாக் என்ற அணையிலிருந்து ஒரு சிறு வாய்க்காலை மலைச்சரிவின் மட்டம் பார்த்து வளைத்து வளைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர் அளவே இருக்கும் தொலைவுக்கு அந்த வாய்க்கால் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் கே.ஆர்.பி. அணையின் பிரதான கால்வாய் கரடுகளைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வேலையின் நுட்பம் உடனே புரியும். அதன் கரையிலும் நிழல் மூடிய பாதை இருக்கிறது. கால் வலிக்காத நாளில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள்.

சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்டியில் கட்டி, விமானத்தில் எடைக் கட்டணம் செலுத்தி, அங்கே பிரித்துப் பூட்டுவதற்குள் இரண்டு நாள் போய்விடும். ரென்னிலேயே வாடகைக்குக் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் அகல டயர் போட்டதாகக் கேளுங்கள். சேறு வாரி இறைக்காமல் இருக்க மட்கார்டு கட்டாயம் இருக்க வேண்டும். டியூபின் வால்வையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சைக்கிளில் இருக்கும் வால்வு அங்கே அரிது. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தும் பம்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிராமத்து நடுவில் பஞ்சரோடு நிற்க நேரும்.

பதில் 2: பர்கூர்ப் பாறை

ஐயாவுக்கு வணக்கம். ஓசூர் நண்பர் சொன்ன வழி மிக நல்லது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரயில் தடத்தில் போக வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை அவர் விட்டுவிட்டார். "காரே வராத பாதை" என்பதிலும் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பொந்திவிக்கு வடமேற்கே, மூர் என்ற ஊரிலிருந்து கர்ரே வரை ஒரு பசுமைவழி போகிறது. அது பிரிட்டனியின் உட்பகுதியை இணைத்த பழைய மீட்டர்கேஜ் இரயிலின் தடம். கர்ரேயை நடுவாகக் கொண்டிருந்த அந்த வலைப்பின்னலின் பெரும்பகுதியை 1967-இல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் போனாலும் தடத்தின் நிலத்தைத் துண்டு துண்டாக விட்டுவிடாமல் காத்ததால்தான் இன்று அதில் சைக்கிள் போகிறது. நீராவி இரயில் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தத் தடத்தில் ஏற்றம் நூற்றுக்கு இரண்டு மூன்று அளவைத் தாண்டுவது அரிது. மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் போட்ட தடம் ஆகையால், ஒரு கிலோமீட்டர் இரு பக்கமும் பாறைச் சுவருக்கு நடுவே போவோம், அடுத்த கிலோமீட்டர் மரங்களின் தலைக்கு மேலே போவோம். பழைய நிலையக் கட்டடங்கள் பாதையோரம் அப்படியே நிற்கின்றன. மொரப்பூர் இரயிலைக் கதையாகக் கேட்ட உங்களுக்கு அங்கே ஒரு நாளாவது செலவிடத் தோன்றும்.

அந்தப் பாதையை ஒட்டித்தான் கெர்லெதான் ஏரி இருக்கிறது. மின்சாரத்துக்காக 1920-களில் தொடங்கி 1930-இல் முடித்த அணை. அதனால் மேலே சொன்ன கால்வாயின் 17 மதகுகள் தண்ணீருக்குள் மூழ்கிப்போயின, பிரெஸ்த் வரை படகு போவதும் அதோடு நின்றது. 2015-இல் ஏரியை முழுதும் வடித்தபோது பழைய மதகுகளும் வீடுகளும் வெளியே தெரிய, பார்க்க மக்கள் திரண்டார்கள்.

இனி, பசுமைவழியை விட்டு வெளியே வருவதைப் பற்றி. பாதை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் தங்குமிடத்துக்கும் கடைக்கும் போக நாளுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஊர்ச்சாலையில் போயே ஆக வேண்டும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். தெற்கே லோசேர் என்று ஒரு மாவட்டம். பரப்பு 5,100 சதுர கிலோமீட்டருக்கும் மேல், மக்கள் 80,000-க்கும் குறைவு. நம் தர்மபுரி மாவட்டம் அதைவிடச் சிறியது, சுமார் 4,500 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 15 லட்சம் பேர். பிரிட்டனி அந்த அளவுக்கு வெறிச்சோடிய பகுதி அல்ல. இருந்தாலும் அங்குள்ள கிராமத்துச் சாலையில் பின்னால் வரும் கார், சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலோர் எதிர்ப்பக்கம் முழுதும் ஒதுங்கித்தான் போகிறார்கள். முதல் நாள் உங்கள் தோள் இறுகும். மூன்றாம் நாள் அது தளர்ந்துவிடும் என்று நம்புகிறேன், எனக்கு அப்படித்தான் நடந்தது.

உங்கள் கவனம் முழுதும் வேண்டிய இடம் பாதை ஒரு சாலையைக் குறுக்கே கடக்கும் இடம்தான். பெரும்பாலான கடப்புகளில் சைக்கிள்காரர்தான் நின்று வழிவிட வேண்டும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், வண்டி நமக்கு இடப்பக்கத்திலிருந்து முதலில் வரும். நாமோ பழக்கத்தால் வலப்பக்கம்தான் முதலில் திரும்பிப் பார்ப்போம். இதை இங்கேயே மனத்துக்குள் சொல்லிப் பழகுங்கள்.

வரைபடத்தில் கோடு இருக்கிறது என்று பக்கத்து வண்டித்தடங்களில் நுழைந்துவிடாதீர்கள். சில தனியார் நிலத்தில் முடியும். வேட்டைக்காலம் செப்டம்பரில் தொடங்குகிறது. காட்டு ஓரத்தில் "ஷாஸ் ஆன் கூர்", அதாவது வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால், அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இது மிகுதி. கால்வாய்க் கரையில் இருக்கும்வரை உங்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

பதில் 3: கிருஷ்ணகிரி மாந்தோப்பு

வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் மூன்று ஆண்டுகளுக்கு முன் தெற்கே பாசா பாயிஸ் என்ற பசுமைவழியில் போய் வந்தோம். மசாமேயிலிருந்து பெதாரியே வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர், முழுதும் பழைய இரயில் தடம், இரு முனையிலும் இரயில் நிலையம். ஒரு பக்கம் பசுங்காடும் மறுபக்கம் திராட்சைத் தோட்டமுமாக ஒரே நாளில் நிலம் மாறிவிடும். ரென்னிலிருந்து தொலைவு என்பதால் உங்களுக்கு இப்போது அது வேண்டாம். அக்காவுக்குப் பயன்படும் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சாப்பாட்டில்தான் நாங்கள் முதலில் தடுமாறினோம். கிராமத்தில் மதியம் 12 முதல் 2 வரைதான் உணவகத்தில் சாப்பாடு. 2 மணிக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். கடைகளும் அந்த நேரத்தில் பூட்டிவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் ரொட்டிக் கடைகூடக் கிடைக்காத ஊர்கள் உண்டு. எனவே ஒரு வேளைக்குரிய ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் எப்போதும் பையில் இருக்கட்டும். பிரிட்டனியில் கலெத் என்ற ஒன்று கிடைக்கும். பக்வீட் என்ற தானிய மாவைக் கரைத்துக் கல்லில் மெல்லிசாகத் தேய்த்துச் சுடுவார்கள். பார்க்க நம் கேழ்வரகு தோசை நிறத்தில் இருக்கும், வாசனையும் ஏறக்குறைய அதுபோலத்தான். வழக்கமாக உள்ளே முட்டையும் பன்றி இறைச்சியும் வைப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் "ஸான் ழாம்போன்" என்று சொன்னால் போதும்.

தண்ணீருக்கு நான் கற்றுக்கொண்ட வழி, ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும், சைக்கிளில் போகிறவர்கள் பலரும் அங்கேதான் நிரப்புகிறார்கள். "நோன் பொதாப்ல்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. நம் மனத்துக்கு முதலில் ஒவ்வாமல்தான் இருக்கும். நான் வாசலிலேயே நின்றுகொண்டு கணவரை அனுப்பினேன், மூன்றாம் நாள் நானே போனேன்.

தங்குவதற்கு "அக்கேய் வெலோ" என்ற பச்சை வெள்ளைப் பலகை போட்ட வீடுகளைத் தேடுங்கள். சைக்கிள் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும். வண்டியைப் பூட்டி வைக்க இடமும், பழுது பார்க்கச் சில கருவிகளும் தருவார்கள். இரவில் உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். புல்லில் உட்காரும் பழக்கம் நமக்கு உண்டல்லவா?

கேட்டவர்: அதியமான்கோட்டை வாசி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கல்லறைத் தோட்டத்துத் தண்ணீர் என்றதும் முகம் சுளித்தாள், கோட்டையைப் பற்றிக் கேட்டதும் அதை மறந்துவிட்டாள். ரெதோன், ஜோஸ்லேன், பொந்திவி, என்பொன் என்றே முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஐயங்கள் மட்டும். ரொஆனைத் தாண்டி உச்சி மேடு என்று ஓசூர் நண்பர் எழுதியிருக்கிறார், அது எவ்வளவு உயரம், அன்றைக்கு எவ்வளவு தூரம் வைத்துக்கொள்வது? மழை பெய்தால் அந்தக் கிராவல் என்ன ஆகும்?

பதில் 4: ஓசூர்க்காரன்

ஐயா, அந்த மேடு கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டர் அளவுதான். நம் தொப்பூர்க் கணவாயை மனத்தில் வைத்து அஞ்ச வேண்டாம். ஆனால் ரொஆனுக்கும் பொந்திவிக்கும் நடுவில் 25 கிலோமீட்டருக்குள் 54 மதகுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு மதகைத் தாண்டிச் சரிவேறியதும் அடுத்த மதகின் வெள்ளைக் கதவு கண்ணுக்குத் தெரியும். மேடு வரை இப்படியே ஏறி, பிறகு பொந்திவியை நோக்கி அதே போலப் படிப்படியாக இறங்குவீர்கள். அன்றைக்கு அந்த 25 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரொஆனை விட்டால் பொந்திவி வரை வழியில் கடை குறைவு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே கிளம்ப வேண்டும். மறுநாள் முதல் பிளவே ஆறு தண்ணீர் ஓடும் திசையிலேயே உங்களை இறக்கிக்கொண்டு போகும்.

மழை பெய்தால் பாதை நம் களிமண் தடம்போல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளாது. தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் பொடிக்கல் கரைந்து சாந்துபோல் சங்கிலியிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். வழக்கத்தைவிடக் கூடுதல் உழைப்பு வேண்டியிருக்கும், வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும். மாலையில் தங்குமிடத்தில் வாளித் தண்ணீர் கேட்டுச் சங்கிலியைக் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். காய்ந்த பிறகு கழுவலாம் என்று விட்டால் அது சிமெண்டுபோல் இறுகிவிடும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷை மட்டும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். சங்கிலிக் கண்ணிகளுக்கு நடுவே நுழைய அதைவிட வசதியானது வேறில்லை.

ரெதோனுக்கு இரயில் ஏறும் நாள் சனிக்கிழமையாக வேண்டாம். வட்டார இரயிலில் சைக்கிளுக்குத் தொங்கவிடும் கொக்கிகள் சிலவே இருக்கும், விடுமுறை நாளில் அவை நிரம்பிவிடும். செவ்வாய் காலை கிளம்பினால் இருவர் வண்டிக்கும் இடம் கிடைக்கும், திங்கட்கிழமை கடையடைப்பும் கழிந்திருக்கும்.